பின்தேர்வுக்கு வராத பிள்ளைகள்

1. பாதி வகுப்பு

பின்தேர்வு நாளன்று காளப்பநாயக்கன்பட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மடியில் வினாத்தாள் கட்டு. பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் கட்டு நழுவியது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே கொல்லிமலை ஏறினேன்.

அப்போது ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் முதுநிலை விரிவுரையாளராக இருந்தேன். கொரோனாவில் மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்து, பல பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்துபோயிருந்த காலம். அவர்களை மறுபடி வாசிக்க வைப்பதற்காக எங்கள் நிறுவனத்தில் வாசிப்பு அட்டைகள் தயாரித்தோம். அந்த அட்டைகள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்று பார்க்க ஓர் ஆய்வு நடத்தினோம். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு தேர்வு வைத்தோம், அது முன்தேர்வு. இறுதியில் வைப்பது பின்தேர்வு. இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை.

கொல்லிமலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; திருப்புலி நாட்டில் ஒரு சிறிய தொடக்கப்பள்ளி. இரண்டு ஆசிரியர்கள். அட்டைகளைக் கையாண்டவர் சரவணன் என்ற இளைஞர். காளப்பநாயக்கன்பட்டிக்காரர், அப்பாவுக்கு அடிவாரத்தில் சொந்த நிலம் உண்டு. தினமும் பைக்கில் மலையேறி வருவார். அன்று வாசலிலேயே நின்றிருந்தார். என் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டாரே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

உள்ளே போனால் வகுப்பு பாதிதான் இருந்தது. பாய் விரித்த இடத்தில் பிள்ளைகள் விலகி விலகி உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் ஏதாவது விசேஷமா என்று சரவணனைக் கேட்டேன்.

"இல்லீங்க மேடம். கீழ போயிட்டாங்க. பொங்க நோம்பி முடிஞ்சதுல இருந்தே ஒவ்வொரு ஊடாப் பூட்டிக்கிட்டுப் போயிட்டிருக்காங்க. போன்ல சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

இருந்த பிள்ளைகளுக்குத் தேர்வை நடத்தினேன். நன்றாகவே வாசித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் கூட்டத்தில் ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் பெயர் ரஞ்சிதா.

2. மாறிகள்

இதை ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால், மேலே போவதற்கு முன் மாறிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் நான் வருடா வருடம் நடத்திய பாடம் இது.

ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் எது வேறுபடுகிறதோ அது மாறி. அவற்றில் ஆய்வாளர் வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது சாரா மாறி. எங்கள் ஆய்வில் அது கற்பிக்கும் முறை. திருப்புலி நாட்டுப் பள்ளியில் வாசிப்பு அட்டை, மலையின் இன்னொரு பக்கத்தில் இருந்த வேறொரு பள்ளியில் வழக்கமான பாடப்புத்தகம். முறையை மாற்றியதால் எது மாறுகிறது என்று பார்க்கிறோமோ அது சார்ந்த மாறி. எங்களுக்கு அது வாசிப்பு மதிப்பெண்.

இரண்டு பள்ளிக்கும் ஒரே மாதிரி இருக்கும்படி நாம் பார்த்துக்கொள்பவை கட்டுப்பாட்டு மாறிகள். இரண்டும் மலைப்பள்ளிகள், இரண்டிலும் இரண்டு ஆசிரியர்கள், ஒரே வகுப்புகள், ஒரே தேர்வுத்தாள். முறைக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையில் இருந்து வேலை செய்வது இடையீட்டு மாறி. அட்டை ஆர்வத்தைத் தூண்டுகிறது, ஆர்வம் வாசிப்பைக் கூட்டுகிறது என்றால், ஆர்வம்தான் இடையீட்டு மாறி. அதை நேராக அளக்க முடியாது, அறிகுறிகளை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

நாம் அழைக்காமலே உள்ளே வந்து மதிப்பெண்ணைத் தொடுபவை புற மாறிகள். மழை, காய்ச்சல், வீட்டுச் சண்டை, எதுவாகவும் இருக்கலாம். அப்படி வந்த ஒன்று நம் சாரா மாறியோடு ஒட்டிக்கொண்டு, எது எதனால் நடந்தது என்று பிரிக்கவே முடியாமல் செய்துவிட்டால் அதைக் குழப்பும் மாறி என்போம்.

இவ்வளவையும் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிவிடலாம். மாணவர்களும் எழுதிக்கொண்டு போய்த் தேர்வில் அப்படியே எழுதுவார்கள். கட்டத்துக்குள் ஒரு ஊர் அடங்குமா என்பதை யாரும் கேட்பதில்லை.

எங்கள் இரண்டு ஊர்களுக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. அட்டை கொடுத்த ஊரில் மிளகுதான் முக்கியப் பயிர். சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றிவிட்டு, அதை நம்பியே பல குடும்பங்கள் இருந்தன. மற்ற ஊரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் சாமையும் கேழ்வரகும் அதிகம், மிளகு குறைவு. ஆய்வுத் திட்டத்தை எழுதியபோது இதுவும் தெரிந்துதான் இருந்தது. பிள்ளைகள் வாசிப்பதற்கும் மிளகுக்கும் என்ன சம்பந்தம் என்று திட்டக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமாகவே பட்டது. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

3. ரஞ்சிதா

முன்தேர்வின்போது ரஞ்சிதாவை நானே வாசிக்க வைத்தேன். ஐந்தாம் வகுப்பு. ஒல்லியான பெண், காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். பத்தியை அவள் முன்னால் வைத்ததும் முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாவதைச் சொன்னாள், மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

மற்றப் பிள்ளைகள் தெரியாத சொல் வந்தால் பக்கத்துப் படத்தைப் பார்த்து எதையாவது சொல்லிவிடுவார்கள். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ரஞ்சிதா அப்படிச் செய்யவில்லை. தெரியாத எழுத்து வந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரிந்ததைச் சொல்லு கண்ணு, தப்பானாலும் பரவாயில்லை என்றேன். தெரியாததை எப்படிச் சொல்வது என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்களில் ஒன்று அவளுடையது.

நடுவில் ஒருமுறை பார்வையிடப் போனபோது சரவணன் அவளைக் கூப்பிட்டு ஓர் அட்டையை வாசிக்கச் சொன்னார். நிறுத்தி நிறுத்தி வாசித்தாள், ஆனால் முழுதாக வாசித்தாள். சாப்பாட்டு நேரத்திலும் அட்டைப் பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என்று சரவணன் குறைபோலச் சொன்னார். குரலில் பெருமைதான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊரில் மழை விடாமல் பெய்தது. மழைக்குப் பின்னால் மிளகுக்கொடியில் வாடல் நோய் விழுந்தது. அடியில் கறுத்து, இலை பழுத்து, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பரவியது. வேறு வெள்ளாமை இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். மிளகை மட்டும் நம்பியிருந்தவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கோழிப்பண்ணைக்குப் போனவர்கள் உண்டு, செங்கல் சூளைக்குப் போனவர்கள் உண்டு. ரஞ்சிதாவின் வீட்டார் சேகோ பேக்டரிக்குப் போனதாகச் சரவணன் சொன்னார். மலையில் விளையும் குச்சிக்கிழங்கு கீழே லாரியில் போய், அங்கே தோலுரித்து, அரைத்து, ஜவ்வரிசியாகும். தோலுரிக்கப் பெண்கள் வேண்டும்.

4. ஏறிய சராசரி

பின்தேர்வு மதிப்பெண் தாள்களை நிறுவனத்தில் ஒப்படைத்துவிட்டு இரண்டு நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பிப் போனபோது எங்கள் நிறுவன முதல்வர் மிக உற்சாகமாக இருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நேரத்துக்கு வருவார், யாரையும் அவமதிக்க மாட்டார். ஆனால் எங்கள் நிறுவனத்துக்குப் பேர் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்ற குறை அவருக்கு நெடுநாளாக உண்டு. சராசரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அட்டை முறை பெரிய வெற்றி என்று சென்னையில் மேலதிகாரிகளுக்குப் போனிலும் சொல்லியிருந்தார்.

அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். முன்தேர்வுச் சராசரியில் எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். பின்தேர்வுச் சராசரியில் மிஞ்சியவர்கள் மட்டும் இருந்தார்கள். ஊரை விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் முன்தேர்வில் கீழே இருந்தவர்கள். பத்துப் பேரில் கடைசி மூன்று பேர் எழுந்து போய்விட்டால், மிச்சமிருப்பவர்கள் ஒரு எழுத்துகூடப் புதிதாகக் கற்காவிட்டாலும் சராசரி ஏறும். இதை முதல்வரிடம் சொன்னேன்.

அவர் புரிந்துகொண்டார். ஆய்வுமுறையில் அவரும் பாடம் நடத்தியவர்தான். "சரி மேடம், ரெண்டு டெஸ்ட்டும் எழுதுனவங்கள மட்டும் வச்சு மறுபடி போடுங்க. பாதியில போறவங்க எல்லா ஸ்டடியிலயும் இருப்பாங்க. மார்ட்டாலிட்டின்னு நாமளே பாடம் நடத்தறோம்."

உண்மைதான். ஆய்வுக்கு நடுவில் விலகிப் போகிறவர்களை ஆங்கிலப் புத்தகங்கள் அந்தச் சொல்லால்தான் குறிக்கும். சாவு என்றுதான் அதற்கு நேர்ப்பொருள். தமிழில் இழப்பு என்று மென்மையாக எழுதிவிடுகிறோம்.

மறுபடி கணக்குப் போட்டேன். முன்னேற்றம் இருந்தது, ஆனால் முன்பு தெரிந்ததைவிட நிறையக் குறைந்துவிட்டது. அதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. தங்கிய பிள்ளைகளும் போன பிள்ளைகளும் ஒரே மாதிரிப் பிள்ளைகள் அல்ல. தங்கியவர்கள் வீட்டில் வேறு பயிர் இருந்தது, அடுப்பு எரிந்தது. மற்ற ஊரிலோ ஒருவரும் போகவில்லை. ஆகவே இரண்டு பள்ளிகளின் மதிப்பெண்களுக்கும் நடுவில் இருந்த வேறுபாட்டில் அட்டை எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நோய் விழுந்த மிளகுதான் எங்கள் ஆய்வின் குழப்பும் மாறி. போனவர்களைத் தேடிப் பார்த்து ஓர் அத்தியாயம் எழுத வேண்டும் என்றேன்.

முதல்வர் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்து மறுபடி பார்த்தார். பிறகு, "நம்ம கையில இல்லாததுக்கெல்லாம் நாம பதில் சொல்ல முடியாதுங்க மேடம். நாம பாக்க வந்தது வாசிப்பு" என்றார். சரி, உங்கள் விருப்பம், ஆனால் சீக்கிரம் முடியுங்கள் என்றும் சொன்னார்.

5. பூட்டிய வீடு, சேகோ பேக்டரி

அடுத்த சனிக்கிழமை சரவணனும் நானும் ரஞ்சிதாவின் வீட்டுக்கு நடந்தோம். பள்ளியிலிருந்து இறக்கத்தில் போக வேண்டும். வழி நெடுக சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி கரிந்து தொங்கியது. வீடு பூட்டியிருந்தது. வாசலில் கோழிக்கூடு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தாள். நாங்கள் யார் என்று கேட்டுவிட்டு, எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்குக் கை போயிருச்சுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா? பெரியாஸ்பத்திரியில கெடக்குது."

சரவணன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எந்த பேக்டரி, எந்த ஆஸ்பத்திரி என்று நான்தான் விசாரித்தேன். மலையிறங்கும்போது அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, கொஞ்சம் பொறுங்க மேடம் என்றார். அவர் மறுபடி வண்டியைக் கிளப்பும் வரை அங்கேயே நின்றோம்.

முதலில் பேக்டரிக்குப் போனோம். சேந்தமங்கலம் பக்கம், பெயர் வேண்டாம். வெளியே வெள்ளையாக மாவு காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புளித்த வாடையை அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள். கொட்டகைக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கிழங்கின் தோலைச் சீவினார்கள். அவர்களின் பிள்ளைகளும் சுற்றி இருந்தார்கள். சிலர் விளையாடினார்கள், சிலர் சீவிய கிழங்கைக் கூடையில் அள்ளிக் கொண்டுபோனார்கள். அவர்களில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். சரவணனைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். வகுப்பில் சொல்வது போலவே, சேர்ந்து, ராகத்தோடு.

மேற்பார்வையாளர் வந்தார். இங்கே பிள்ளைகள் வேலை செய்வதில்லை, பெற்றவர்களோடு வந்து விளையாடுகிறார்கள், அந்தப் பெண் தடுக்கத் தடுக்க மிஷின் பக்கம் போய்விட்டது என்றார். மரியாதையாகத்தான் பேசினார். கிளம்பும்போது மோர் கொடுத்தார்கள். எங்களால் குடிக்க முடியவில்லை.

6. ஆஸ்பத்திரி

ரஞ்சிதாவின் அம்மா சின்னப்பொண்ணு கட்டிலுக்குக் கீழே துணி விரித்து உட்கார்ந்திருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, சரவணனைத் தெரிந்தது. எழுந்து, "வாங்க சார்" என்றாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். கூடையில் கிழங்கு கொண்டுபோன பிள்ளை, அரைக்கும் மிஷினின் வாயில் சிக்கிக்கொண்ட கிழங்கைத் தள்ளிவிடக் கையை நீட்டியிருக்கிறாள். வலது கையில் மணிக்கட்டு வரை எடுத்துவிட்டார்கள். எங்கள் பின்தேர்வுக்கு முந்திய வாரம் நடந்தது இது. நான் வகுப்பில் அவளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் இந்தக் கட்டிலில் இருந்திருக்கிறாள்.

புருஷன் எங்கே என்று கேட்டேன். பேக்டரியில் வேலைக்குப் போயிருக்கிறார், போகாவிட்டால் தங்கும் அறையைக் காலி செய்யச் சொல்லுவார்கள் என்றாள்.

ரஞ்சிதா விழித்துத்தான் இருந்தாள். கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர், அந்தப் பரிச்ச முடிஞ்சிருச்சுங்களா?"

"முடிஞ்சுது கண்ணு."

"என்ன கதைங்க வந்துது?"

மழையில் வழி தப்பிய ஆட்டுக்குட்டியைப் பற்றிய பத்தி என்று சொன்னேன். அந்தத் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மிஞ்சிய தாள் ஒன்று என் பையில் இருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அம்மாவைப் பார்த்தேன். "குடுங்க டீச்சர், கேக்குதில்ல" என்றாள் சின்னப்பொண்ணு.

தாளை இடது கையில் வாங்கிக்கொண்டாள். மெல்லிய குரல். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தி நிறுத்தி, வரி வரியாக, ஆட்டுக்குட்டி வீடு திரும்பும் வரை வாசித்தாள். இரண்டு மூன்று சொற்களில் நின்றாள். எதையும் இட்டுக்கட்டவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பின்தான் அடுத்த சொல்லுக்குப் போனாள். சரவணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"எத்தன மார்க்குங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். மலையில் அன்று தேர்வு எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த மதிப்பெண்ணை வாங்கவில்லை.

அட்டை அவளுக்குப் பயன்பட்டிருந்தது. அதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த மதிப்பெண்ணை ஆய்வில் சேர்க்க முடியாது. இடம் வேறு, நாள் வேறு, பிள்ளையின் உடல்நிலை வேறு. எந்தக் கட்டுப்பாட்டு மாறியும் அங்கே நிலையாக இல்லை. என் மாணவர் யாராவது அதைச் சேர்த்திருந்தால் நானே சிவப்புக் கோடு போட்டு அடித்திருப்பேன். படிகளில் இறங்கும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பிள்ளை கை போய்க் கிடக்கும்போது இதையா நினைப்பாய் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

7. அத்தியாயம்

பேக்டரியில் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பதாகத் தொழிலாளர் துறைக்கு என் சொந்தப் பெயரில் புகார் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம் என்று முதல்வர் கேட்டுக்கொண்டார். விசாரணைக்கு வந்தார்கள். அன்று கொட்டகையில் ஒரு பிள்ளையும் இல்லை. தன் பெண் வேலை செய்யவில்லை, விளையாடத்தான் போனாள் என்று சின்னப்பொண்ணும் சொல்லிவிட்டாள். பிறகு ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தபோது, "நான் வேற என்னங்க சொல்லட்டும், நாளைக்கும் அங்கதானுங்க போகோணும்" என்றாள்.

ஒரு மாதம் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை எழுதினேன். எந்தக் குடும்பங்கள் போயின, ஏன் போயின, போன பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று, பார்த்ததை எல்லாம் எழுதினேன். ரஞ்சிதாவின் பெயரை மாற்றியிருந்தேன். முதல்வர் முழுக்கப் படித்தார். திருத்திய அட்டவணையை ஏற்றுக்கொண்டார். சென்னைக்குப் போன் செய்து முன்பு சொன்னது அதிகம் என்றும் சொன்னார். அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அத்தியாயத்தை மட்டும் ஏற்கவில்லை.

"இது ஆய்வறிக்கைங்க மேடம். இதப் போட்டா அட்டையப் பத்தி யாரும் பேசமாட்டாங்க, பேக்டரியப் பத்தித்தான் பேசுவாங்க."

பேசட்டும் என்றேன். அத்தியாயம் இல்லாவிட்டால் என் பெயரும் இருக்கக் கூடாது என்றேன். அவர் வாதாடவில்லை. அறிக்கை என் பெயர் இல்லாமல் போனது. ஆய்வின் வரையறைகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: சில மாணவர்கள் இடம்பெயர்ந்த காரணத்தால் பின்தேர்வில் பங்கேற்க இயலவில்லை.

அடுத்த கல்வியாண்டில் பணிநிரவல் வந்தது. பிள்ளைகள் குறைந்த பள்ளியிலிருந்து ஆசிரியரை எடுத்து, அதிகம் இருக்கும் பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாடு அது. திருப்புலி நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்திருந்ததால் சரவணனை அடிவாரத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். வீட்டுக்குப் பக்கம், மலையேற வேண்டியதில்லை. அவர் என்னிடம் போனில் சொன்னபோது, ஏதோ துக்கச் செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். ஆய்வில் கணக்கில் வராத பிள்ளைகள் பணிநிரவலில் மட்டும் சரியாகக் கணக்கில் வந்தார்கள். ஒற்றை ஆசிரியரால் ஐந்து வகுப்புகளையும் வைத்துக்கொண்டு அட்டை முறையை நடத்த முடியாது. அட்டைப் பெட்டிகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

8. கடைசியாகப் பார்த்தது

காயம் ஆறியபின் ரஞ்சிதாவின் குடும்பம் மலைக்கே திரும்பியது. மிளகுக்கொடி பட்டுப்போன நிலத்தில் கிழங்கு நட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு அவளைப் பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளியில் சேர்க்க நானும் கூடப் போனேன். தலைமையாசிரியர் நல்லவிதமாகவே பேசினார். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். எழுத்து பெரிது பெரிதாக வந்தது, மெதுவாக வந்தது. போர்டில் எழுதியதை அவள் பாதி எழுதுவதற்குள் அழித்துவிடுவார்கள்.

சில மாதங்கள் போனாள், பிறகு நின்றுவிட்டாள்.

செய்தி கேட்டு நான் மறுபடி மலையேறினேன். சின்னப்பொண்ணு கட்டாயப்படுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரஞ்சிதா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வயதுக்கு மீறி வளர்ந்திருந்தாள். எழுதத் தாமதமானால் பேசி ஏற்பாடு செய்யலாம், உனக்குப் பதில் வேறொருவர் எழுதலாம், பஸ் வசதி கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எழுதறதுக்கில்லீங்க டீச்சர். அங்க போனா எல்லாரும் கையவே பாக்கறாங்க. இங்க யாரும் பாக்கறதில்ல."

அவள் சொன்ன காரணத்துக்கு எந்த அளவுகோலும் என்னிடம் இல்லை. அவள் என்னை பஸ் நிற்கும் இடம் வரை வந்து ஏற்றிவிட்டாள். அதன் பிறகு இரண்டு முறை போயிருக்கிறேன். அவள் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலியால் நானும் மலையேறவில்லை. சரவணன் மட்டும் மாதம் ஒருமுறை ஏதாவது கதைப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். வாங்கிக்கொள்கிறாளாம். வாசிக்கிறாளா என்று அவர் கேட்பதில்லை.

எம்.எட். மாணவர்கள் இன்னும் என் வீட்டுக்கு வருகிறார்கள். சாரா மாறி எது, சார்ந்த மாறி எது என்று குழம்பி வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். புரியாதது வேறொன்று. வந்து உட்கார்ந்த பிள்ளையை அளக்க நமக்குக் கருவிகள் இருக்கின்றன, வராத பிள்ளைக்கு ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை தேர்வுக்கு வராமல் போவது தற்செயல் என்று எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒருமுறை போங்கள். எது அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதோ, அதுவே உங்கள் ஆய்வின் முதல் மாறியாக இருக்கலாம். போய்ப் பார்த்தால் நீங்கள் எழுதி வைத்த முடிவு நிற்காமல் போகலாம். எனக்கு நிற்கவில்லை. நிற்காமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது, வருத்தமெல்லாம் அதில்தான்.